வருட வாசிப்பைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

டிசெம்பர் கடைசியில் "இந்த வருடம் வாசித்ததில் பிடித்த ஐந்து எவை?" என்று கேட்டால், பலரும் சொல்லும் ஐந்தில் மூன்று நான்கு ஒக்டோபருக்குப் பிறகு வாசித்ததாகத்தான் இருக்கும். மாசி பங்குனியில் வாசித்தது எவ்வளவு நல்ல நூலாக இருந்தாலும் ஞாபகத்தின் அடியில் போய்விடுகிறது. இதைத் தவிர்க்க ஒரு வழிதான் உண்டு: வருடம் முழுவதும் ஒரு நூலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிக் குறித்து வைப்பது, முடிவில் ஒரு கிழமை எடுத்து அந்தக் குறிப்புகளைக் கொண்டு தெரிவுசெய்வது. டிசெம்பர் 31 இரவு இருந்து யோசித்து எழுதும் பட்டியல் பெரும்பாலும் கடைசி இரண்டு மாதத்துப் பட்டியல்தான்.

கீழே உள்ள முறை, யாழ்ப்பாணத்தில் கிடைப்பதை எல்லாம் கலந்து வாசிப்பவருக்கானது: பொது நூலகத்தில் எடுத்தது, கடையில் வாங்கியது, வெளியீட்டு விழாவில் கிடைத்தது, இரவல், கைபேசியில் இறக்கிய பிரதி.

கொப்பி

80 பக்க சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டைக் கொப்பி) ஒன்று போதும். மாதம் மூன்று நூல் என்றால் வருடத்துக்கு 36. ஒரு நூலுக்கு அரைப் பக்கம் வீதம் 18 பக்கம், முன்பக்க அட்டவணைக்கு 4 பக்கம், ஆக 22. அந்தக் கொப்பி மூன்று வருடத்துக்கு வரும். மெல்லிய மட்டைக் கொப்பி வேண்டாம், மூன்று வருடம் தாங்காது. ஜெல் பேனையும் வேண்டாம். மாரியில் ஓடு வழியே ஒரு துளி விழுந்தால் மை பரவி எழுத்து அழிந்துவிடலாம். சாதாரண போல் பொயின்ற் பேனை பாதுகாப்பு. கொப்பியை நிலத்திலோ சுவரோடு ஒட்டியோ வைக்காமல் அலுமாரித் தட்டில் வையுங்கள். கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.

கணினியில் எழுத விரும்புபவர்கள் மூன்று விடயத்தில் கவனம். ஒன்று, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யாதீர்கள், யுனிகோட்டில் செய்யுங்கள். பாமினியில் எழுதியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துத்தான். பிறகு தேடினால் அகப்படாது, வேறு கணினியில் திறந்தால் வாசிக்கவும் முடியாது. இரண்டு, திகதியை 2025-03-05 என்று ஆண்டு, மாதம், நாள் ஒழுங்கில் இடுங்கள். 05.03 என்று எழுதினால் சில கணினிகள் அதை மே மூன்றாம் திகதியாக எடுத்துவிடும். மூன்று, பக்க எண்ணிக்கைக் கட்டத்துக்குள் எண் மட்டும் இருக்கட்டும். "xii + 144" என்று எழுதினால் கூட்டல் வேலை செய்யாது.

வாசித்த நூல்களைப் பதியும் குட்ரீட்ஸ் போன்ற இணையத் தளங்களில் நம்மவர் நூல்கள் பல இல்லை. இருந்தாலும் ஆங்கில எழுத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று ஒரே நூல் இரண்டாகப் பதிந்திருக்கும். அதை இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ளலாம், மூலப் பதிவாக நம்ப வேண்டாம்.

என்னென்ன குறிப்பது

அட்டவணைக்கு எட்டு நிரல்: எண், முடித்த திகதி, தலைப்பு, ஆசிரியர், முதற்பதிப்பு ஆண்டு, பக்கம், எங்கிருந்து, குறி. அடிமட்டம் வைத்து இரண்டு பக்கத்துக்கும் குறுக்காகக் கோடு போட்டால் இடம் தாராளம்.

தொடங்கிய திகதியை எழுதத் தேவையில்லை. வேண்டியது முடித்த திகதி. டிசெம்பரில் தொடங்கி ஜனவரியில் முடித்த நூல் புதிய வருடக் கணக்கு. இதில் ஒரு முடிவு எடுத்துவிட்டால் பிறகு குழப்பம் இல்லை.

தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாவற்றையும் அட்டையிலிருந்து எழுதாமல் உள்ளே நூல் விபரப் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள். அங்கே "முதற்பதிப்பு", "இரண்டாம் பதிப்பு" என்று தனித்தனியாக இருக்கும். புதிய அட்டையோடு தமிழ்நாட்டிலிருந்து வரும் ஈழத்து நாவல், முதலில் ஐம்பது வருடம் முன்பு அச்சானதாகவும் இருக்கலாம். இதைப் பார்க்காமல் "இந்த ஆண்டின் புதிய நூல்கள்" பட்டியலில் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. "இந்த ஆண்டு வந்தவை" வேறு, "இந்த ஆண்டு வாசித்தவை" வேறு. தொடங்குபவருக்கு இரண்டாவதுதான் பொருத்தம். வந்த புதிய நூல்கள் எல்லாவற்றையும் வாசித்தவர்தான் முதலாவதைச் சொல்ல முடியும், அப்படி ஒருவரும் இல்லை.

எந்த நாட்டில் வெளியான பதிப்பு என்று தெரியாவிட்டால் நூலில் அச்சிட்டிருக்கும் சர்வதேச நூல் எண்ணான ஐ.எஸ்.பி.என். உதவும். 978-க்குப் பிறகு 955 அல்லது 624 வந்தால் இலங்கை, 81 அல்லது 93 வந்தால் இந்தியா. 2007-க்கு முன்பு இந்த எண் பத்து இலக்கத்தில் இருந்தது, அதில் 978 இராது. பழைய உள்ளூர் நூல்களில் பலவற்றுக்கு அந்த எண்ணே இல்லை, அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஆசிரியர் பெயரில் முதலெழுத்தைப் பின்னால் போடுங்கள்: "டானியல், கே." என்று. முன்னால் போட்டால் அகரவரிசையில் எல்லாம் முதலெழுத்தின்கீழ் சிதறிவிடும். புனைபெயரில் வந்த நூலைப் புனைபெயரிலேயே பதிவது நல்லது. செங்கை ஆழியான் என்று அட்டையில் இருந்தால் அப்படியே எழுதி, க. குணராசா என்பதை அடைப்புக்குள் இடலாம். மஹாகவி என்றால் து. உருத்திரமூர்த்தி. இல்லாவிட்டால் ஒருவரையே இரண்டு பேராக எண்ணிவிடுவீர்கள்.

பக்கக் கணக்கில் முன்பகுதியைச் சேர்க்க வேண்டாம். வாழ்த்துரை, ஆசியுரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை என்று இருபது பக்கம் போன பிறகுதான் முதற்கதை தொடங்கும் நூல்கள் எங்களிடம் நிறைய. அணிந்துரையைக் கடைசியாக வாசிப்பதே நல்லது. முதலில் வாசித்தால் அணிந்துரைகாரர் பார்த்ததைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள்.

"எங்கிருந்து" என்ற நிரலைப் புதியவர்கள் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். பிறகு அதிகம் உதவுவது அதுதான். இரவல் என்றால் தந்தவர் பெயர். நூலகம் என்றால் நூலின் முதுகில் உள்ள வகுப்பெண்ணையும் எழுதுங்கள். நூலகங்கள் நூல்களை வகைப்படுத்தும் டூயி முறையில் 894.811 என்று தொடங்குவது தமிழ் இலக்கியம், அதற்குள் 894.8111 கவிதை, 894.8112 நாடகம், 894.8113 புனைகதை. நூலைத் திருப்பிக் கொடுத்துப் பத்து மாதம் கழித்துத் திரும்ப எடுக்கப் போகும்போது இந்த எண் இருந்தால் நேரே இறாக்கைக்குப் போகலாம். ஈழத்து நூல்களை இணையத்தில் தரும் "நூலகம்" என்ற தளத்தில் வாசித்ததானால் அதன் நூலக எண்ணை எழுதுங்கள். 1981 இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. பின்னர் இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளும் போயின. உள்ளூர்ப் பழைய நூல் பலதை இன்றைக்குத் தாளில் தேடிப் பிடிப்பது கடினம். 2005 இல் தொடங்கிய "நூலகம்" தளத்தில் வருடிய (ஸ்கான் செய்த) பிரதியாக இருந்தால் அதுதான் கைக்கெட்டும் பிரதி.

சஞ்சிகைகளை என்ன செய்வது? முழு இதழையும் வாசித்தால் ஒரு வரி. ஒரு கதை மட்டும் என்றால் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து தனியாக ஒரு பட்டியல். 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகையின் பழைய இதழ் ஒன்றில் வாசித்த ஒரு சிறுகதை, அந்த வருடம் வாசித்த எல்லா நாவலையும்விட நெஞ்சில் நிற்கக்கூடும். நூலை மட்டும் எண்ணினால் அதற்குப் பட்டியலில் இடமே இருக்காது.

நான்கு வரி

நூலை முடித்த அன்றோ மறுநாளோ நான்கு வரி எழுதுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம், அது பின்னட்டையில் இருக்கிறது. நான்கு வரியும் இவை: நினைவில் நிற்கும் ஓர் இடம், பக்க எண்ணோடு. பார்த்தெழுதிய ஒரு வாக்கியம். எரிச்சல் தந்த ஒன்று. யாருக்குக் கொடுக்கலாம்.

பயன்படாத குறிப்பு இப்படி இருக்கும்: "நல்ல நாவல். மொழிநடை அருமை. மனதைத் தொட்டது." டிசெம்பரில் இதை வாசித்தால் எந்த நூல் என்றே பிடிபடாது. பயன்படும் குறிப்பு: "கிணற்றடியில் தாய் காணி உறுதியை மகளிடம் நீட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ளும் இடம், ப. 87. கடைசி மூன்று அத்தியாயம் அவசரம், மாப்பிள்ளை எங்கே போனான் என்று இல்லை. சின்னம்மாவுக்குக் கொடுக்கலாம், அவவுக்குக் காணிக் கதை பிடிக்கும்." இலக்கியத் தரத்தில் இது ஒன்றுமில்லை, ஆனால் பத்து மாதம் கழித்தும் நூல் கண்முன் வரும்.

குறி இரண்டு தடவை

ஐந்து நட்சத்திர முறை தொடங்குபவருக்கு உதவாது. எல்லாமே நான்கில் போய் நிற்கும். மூன்று எழுத்துப் போதும்: "மீ" என்றால் மீண்டும் வாசிப்பேன், "கொ" என்றால் இன்னொருவருக்குக் கொடுப்பேன், "போ" என்றால் இதோடு போதும். பாதியில் விட்ட நூலுக்கு "வி" போட்டு, விட்ட பக்கத்தை எழுதுங்கள். 50 பக்கம் தாண்டி விட்டதற்கு மட்டும் பதிவு தேவை. விட்டதைப் பதிவது வெட்கமில்லை. ஒரே ஆசிரியரை மூன்று தடவை 60 ஆம் பக்கத்தில் விட்டிருந்தால், நான்காவதுக்குக் காசு கொடுக்க முன்பு யோசிக்கலாமே.

இந்தக் குறியை முடித்த அன்று நீலத்தில் போடுங்கள். ஒரு மாதம் கழித்து, முதற்குறியைக் கையால் மறைத்துக்கொண்டு, சிவப்பில் இன்னொரு தடவை போடுங்கள். முறையின் உயிர் இங்கேதான். முடித்த உடனே போடும் குறியில் முடிவின் பரபரப்பு, ஆசிரியர் மீதுள்ள மரியாதை, தடித்த நூலை முடித்துவிட்ட பெருமை எல்லாம் கலந்திருக்கும். மாதம் ஒன்று போனால் அவை வடிந்துவிடும். நீலத்தில் "மீ", சிவப்பில் "போ" என்று விழும் நூல்கள் வருடத்துக்குச் சில வரும். ஆண்டுப் பட்டியலுக்குச் சிவப்பு மட்டுமே கணக்கு.

இதற்கு மாதாமாதம் ஒரு நாள் வேண்டும். முழுநிலா நாளில் வரும் போயா விடுமுறை வசதி, மறக்கவும் முடியாது. அன்றைக்கு இருபது நிமிடம் போதும்: சென்ற போயாவுக்கு முந்திய மாதத்தில் முடித்த நூல்களுக்குச் சிவப்புக் குறி, விடுபட்ட வரிகளை நிரப்புதல், புதிய பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்தல்.

வெளியீட்டு விழா நூல்கள்

இதற்குத் தனி விதி வேண்டும், இல்லாவிட்டால் பட்டியல் சாய்ந்துவிடும். வெளியீட்டு விழாவில் மேடையில் முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் கொடுப்பார்கள். மற்றவர்கள் வரிசையில் போய்க் கடித உறைக்குள் காசு வைத்துக் கொடுத்துப் பிரதி வாங்குவார்கள். அதற்கு முன்பு வெளியீட்டுரை, நயப்புரை எல்லாம் நடந்திருக்கும். வீட்டுக்கு வந்து நூலைத் திறக்கும்போது காதில் நிற்பது நயப்புரைகாரர் குரல். ஆசிரியர் எங்கள் ஆசிரியராகவோ அயலவராகவோ உறவாகவோ இருப்பார், அடுத்த கிழமை கோயிலடியில் கண்டால் "வாசிச்சீங்களோ?" என்று கேட்பார்.

ஆகவே: விழாவிலிருந்து வந்த நூலை ஒரு மாதம் தள்ளி வாசியுங்கள். அட்டவணையில் "வெ" என்று குறியுங்கள். ஆசிரியரைத் தெரியும் என்றால் "தெ". ஆண்டுப் பட்டியலில் அந்த நூல் வந்தால், "எனக்குத் தெரிந்தவர் எழுதியது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வாசிப்பவர் தானே எடை போட்டுக்கொள்வார். வராவிட்டால் பட்டியலில் பேசாமல் இருப்பதே போதும், ஆசிரியரிடம் நல்ல ஓர் இடத்தைப் பக்க எண்ணோடு சொல்லலாம். நான்கு வரிக் குறிப்பு அதற்கும் உதவும்.

கடைசிக் கிழமை

ஜனவரி முதல் கிழமையில் தொடங்கித் தைப்பொங்கலுக்கு முன்பு முடியுங்கள். பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் கண்காட்சி நடக்கும். அப்போது புதிய நூல்களின் பேச்சு கைபேசி முழுக்க வந்து, உங்கள் பழைய வருடத்தை மூடிவிடும்.

முதல் நாள் கொப்பியைத் திறக்காதீர்கள். வெற்றுத் தாளில், இருபது நிமிடத்துக்குள், இந்த வருடம் வாசித்ததில் நினைவுக்கு வருபவற்றை எழுதுங்கள். தலைப்பு மறந்தால் காட்சியை எழுதினாலும் சரி. 36 வாசித்தவருக்குப் பதினைந்து இருபது வந்தாலே அதிகம்.

அடுத்த நாள் தாளையும் அட்டவணையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூன்று கூட்டம் பிரியும். நினைவிலும் வந்தது, சிவப்பு "மீ"யும் உண்டு: நேரே தெரிவுக்குப் போகட்டும், அதிலும் ஜூனுக்கு முன்பு வாசித்தது என்றால் பலமான ஆள். நினைவில் வந்தது, குறி குறைவு: இவைதான் சுவாரசியமானவை. ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது, திரும்பப் பார்க்க வேண்டும். நல்ல குறி இருந்தும் நினைவுக்கே வரவில்லை: இவற்றில் பலதும் "பெரிய எழுத்தாளர்" என்பதற்காகப் போட்ட குறி. நான்கு வரியை வாசியுங்கள், அப்போதும் ஒன்றும் எழும்பாவிட்டால் விட்டுவிடலாம்.

மூன்றாம் நாளுக்குள் 10 அல்லது 12 நூலாகச் சுருங்கிவிடும். அடுத்த மூன்று நாளும் மீள்வாசிப்பு. ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கம்: முதல் ஐந்து, நடுவில் எங்காவது ஐந்து. முடிவை வாசிக்காதீர்கள், முடிவு எப்போதும் நூலைத் தூக்கிக் காட்டும். ஒரு பந்தியை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். தட்டச்சுப் பிழை, ஒற்றுப் பிழை மலிந்த நூல் கண்ணுக்குத் தப்பினாலும் வாய்க்குத் தப்பாது. கையில் இல்லாத நூலுக்கு நூலகத்துக்குப் போங்கள். அங்கத்துவம் காலாவதியாகியிருந்தாலும் உசாத்துணைப் பகுதியில் இருந்து பார்க்க வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள்.

இதற்குள் ஒரு சின்ன எண்ணிக்கையும் செய்யலாம்: நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை எத்தனை. ஈழம், தமிழ்நாடு, புலம்பெயர்ந்தோர், மொழிபெயர்ப்பு எத்தனை. பெண்கள் எழுதியது எத்தனை. குற்ற உணர்வுக்காக இல்லை. உங்கள் வாசிப்பை நீங்கள் தெரிவுசெய்கிறீர்களா, கடைத் தட்டும் இரவல் தருபவரும் தெரிவுசெய்கிறார்களா என்று இதில் தெரியும். மொத்தப் பக்கத்தைக் கூட்டிப் பெருமைப்படுவதில் பொருளில்லை. 80 பக்கக் கவிதைத் தொகுதிக்கு 400 பக்க நாவலைவிட அதிக நாள் எடுக்கலாம்.

தெரிவில் ஒரு யுக்தி: முதலில் வகைக்கு ஒன்று எடுத்து, மீதி இடத்தை மற்றவற்றால் நிரப்புங்கள். நேரே ஐந்து எடுத்தால் ஐந்தும் நாவலாகப் போய்விடும். கனநாள் ஒன்றாகக் கழித்த தடித்த நூல் மீது வரும் பற்றுத்தான் காரணம். ஒன்று முதல் ஐந்து வரை தரவரிசை வேண்டாம், வாசித்த ஒழுங்கில் போடுங்கள். அப்போது தொகுதிக்கும் நாவலுக்கும் சண்டை மூட்டத் தேவையில்லை.

எழுதும்போது

ஒரு நூலுக்கு 60 முதல் 80 சொல். முதல் வாக்கியத்தில் நூலுக்குள் நடக்கும் ஒன்று, அடுத்து அது ஏன் நின்றது, பிறகு குறை ஒன்று, கடைசியில் எங்கே கிடைக்கும். "தவறவிடக்கூடாத", "விறுவிறுப்பான" போன்ற சொற்களை எழுதி முடித்தபின் தேடி வெட்டுங்கள். குறை சொல்லாத பட்டியலை ஒருவரும் நம்பமாட்டார்கள். விலை எழுதினால் வாங்கிய மாதத்தையும் சேருங்கள். இந்திய நூலின் அட்டை விலை இந்திய ரூபாயில் இருக்கும், கடைகள் அதைத் தங்கள் பெருக்கத்தில் மாற்றி விற்கும், அந்தப் பெருக்கமும் நாணய மாற்றோடு மாறும்.

கொப்பியே இல்லாவிட்டால்

இந்த வருடம் ஒன்றும் குறிக்கவில்லையா? ஓரளவு மீட்கலாம். கைபேசியில் எடுத்த அட்டைப் படங்களையும் பக்கப் படங்களையும் பாருங்கள், படத்தில் திகதி இருக்கும். வட்ஸ்அப்பிலும் வைபரிலும் "புத்தகம்", "நாவல்", "கதை" என்று தேடுங்கள். இறக்கிய பீடிஎஃப் கோப்புகளைத் திகதி ஒழுங்கில் அடுக்குங்கள். கடைப் பற்றுச்சீட்டு, பக்க அடையாளமாகச் செருகி மறந்த பஸ் ரிக்கற் எல்லாம் உதவும். நூலகத்தில் எடுத்தவையே கடினம். திகதித் துண்டு நூலோடு திரும்பிப் போய்விடும். அடுத்த வருடத்திலிருந்து எடுக்கும் அன்றே அட்டையையும் துண்டையும் ஒரு படம் எடுத்து வையுங்கள், தண்டப்பணமும் மிச்சம். இப்படி மீட்ட பட்டியலுக்கு மாதம் மட்டும் போதும், நாள் தேட வேண்டாம்.

பட்டியலை எழுதி முடித்தபின் "எங்கிருந்து" நிரலை ஒரு தடவை மேலிருந்து கீழே வாசியுங்கள். இரவல் என்று இருந்து இன்னும் உங்கள் அலுமாரியில் இருப்பவற்றை எடுத்துப் பொங்கலுக்குள் உரியவரிடம் சேர்த்துவிடுங்கள். நீங்கள் கொடுத்துத் திரும்பி வராதவற்றுக்கு, புதிய வருடத்தின் முதற்பக்கத்தில் வாங்கியவர் பெயரோடு ஒரு வரிசை எழுதுங்கள். "கொ" குறி போட்ட நூலை யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதும் அதே வரிசையில் வரட்டும்.